மீதியை வெண்திரையில் காண்க!

குறும்படம் எடுக்க என்ன வேண்டும்? ஒரு கதை, ஒரு கேமரா, நாலு நண்பர்கள், பெட்ரோல் போட்ட ஒரு பைக். அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் கோயமுத்தூர் காலேஜ்களில் நடக்கிற வரிசையே வேறு. முதலில் டைட்டில். அடுத்து டைட்டில் டிசைன். அப்புறம் ஃபர்ஸ்ட் லுக் போஸ்டர், மோஷன் போஸ்டர், டீசர், "இன்னும் மூன்றே நாட்களில்" என்று ஸ்டேட்டஸ். இவ்வளவும் முடிந்தபிறகு கூட்டத்தில் ஒருத்தன் மெதுவாகக் கேட்பான்: "மச்சி, கிளைமாக்ஸ் என்னடா?" :-)

நக்கலுக்காகச் சொல்லவில்லை. விஸ்காம் படிக்கிறவர்கள் மட்டும் என்றில்லை, மெக்கானிக்கல், பி.காம்., அக்ரி என்று எல்லா டிபார்ட்மெண்டிலும் இன்று குறும்படம் எடுக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் போஸ்டர் வந்து படம் வராமலே போனவை எத்தனை என்று உங்கள் பேட்ச்சிலேயே எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல் போதாது.

அதற்காக விளம்பரமே கூடாது என்பது என் கட்சி இல்லை. விளம்பரம் வேண்டும். ஆனால் எப்போது செய்ய வேண்டும், அதில் யார் பெயர் இருக்க வேண்டும், அதை எங்கே வைக்க வேண்டும் என்ற மூன்று கேள்விக்கும் நாம் தப்பான பதில் வைத்திருக்கிறோம். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து ஆரம்பிக்கலாம்

டவுன்ஹால் பக்கம் போகிறவர்களுக்கு வெரைட்டி ஹால் ரோடு தெரியும். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று நம்மில் பலருக்குத் தெரியாது. சாமிக்கண்ணு வின்சென்ட் நம்ம ஊர்க்காரர். திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தவர். 1905-ல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு புரொஜெக்டரையும் கையிலிருந்த சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். ஏசுவின் வாழ்க்கையைக் காட்டும் படம் அதில் முக்கியமானது. வேலையை விட்டுவிட்டு டென்ட் கட்டி ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரத் தியேட்டரைக் கட்டினார். அந்தத் தெருவுக்குப் பெயர் வந்தது அப்படித்தான்.

இவர் மின்சாரத்தில் ஓடும் அச்சகமும் நடத்தினார் என்பதுதான் எனக்குப் பிடித்த தகவல். படம் காட்டுகிறவர் கையிலேயே அச்சு இயந்திரமும் இருந்திருக்கிறது. சினிமா என்ற சொல்லையே கேட்டிராத ஜனங்களைக் கொட்டகைக்குக் கூட்டி வர வேண்டிய தொழில் அது. அந்தக் காலத்தில் மாட்டு வண்டியில் தட்டி கட்டி, மேளம் அடித்து, தெருத்தெருவாக நோட்டீஸ் வீசிக்கொண்டு போவார்கள். ஆக, விளம்பரம் சினிமாவுக்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்ட ஒன்று இல்லை. இரண்டும் ஒரே கொட்டகையில் பிறந்தவை.

அடுத்து பாட்டுப் புத்தகம். நம் தாத்தா பாட்டி காலத்தில் தியேட்டர் வாசலில் அணா கணக்கில் விற்ற மெல்லிய புத்தகம். அட்டையில் கதாநாயகி, உள்ளே பாட்டு வரிகள், கூடவே கதைச்சுருக்கம். கதாநாயகன் சிறையில் மாட்டுவான், கதாநாயகி கதறுவாள், அந்த இடத்தில் எழுத்து நின்றுவிடும். கீழே ஒரே வரி: "மீதியை வெண்திரையில் காண்க."

தமிழில் எழுதப்பட்ட சிறந்த விளம்பர வாசகம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அதை எழுதியவருக்கு முழுக் கதையும் தெரியும். எங்கே நிறுத்தினால் ஆள் உள்ளே வருவான் என்று தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே, வெண்திரையில் மீதி என்று ஒன்று நிஜமாகவே இருந்தது. நம் போஸ்டர்களில் இல்லாமல் போவது அந்த மீதிதான்.

போஸ்டர் எப்போது?

என் பதில்: முதல் எடிட் முடிந்து, படத்தில் சம்பந்தப்படாத மூன்று பேர் பார்த்தபிறகு. அதற்கு முன்னால் வேண்டாம்.

காரணம் ரொம்ப சாதாரணம். ஷூட்டிங் முடிவதற்குள் நம் படங்களின் கதை இரண்டு தடவையாவது மாறிவிடும். நடிக்க ஒத்துக்கொண்டவர் செமஸ்டர் அரியரில் மாட்டிக்கொள்வார். கிடைக்கும் என்று நினைத்த வீடு கிடைக்காது. காதல் கதையாக ஆரம்பித்தது பஸ் ஸ்டாண்ட் கதையாக முடியும். ஆனால் போஸ்டரில் ஏற்கனவே துப்பாக்கி வந்துவிட்டது. போஸ்டரில் வந்த துப்பாக்கிக்காகப் படத்தில் ஒரு துப்பாக்கிக் காட்சி சேர்க்கிறார்கள்! விளம்பரத்துக்காகக் கதையை வெட்டி ஒட்டும் வேலை பெரிய கம்பெனிகளுக்கே பாரம். நமக்கு எதற்கு?

இரண்டாவது காரணம் பணம். ஆளுக்கு ஐநூறு, ஆயிரம் போட்டு எடுக்கிற படம். அதில் டிசைனுக்கும் ஃப்ளெக்ஸுக்கும் முதலில் எடுத்துவிட்டால் அடிபடுவது எப்போதுமே சவுண்டுதான். நம் பகுதியில் சவுண்டு எவ்வளவு பெரிய தலைவலி என்பது வெளியில் போய் எடுத்தவர்களுக்குத் தெரியும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் முழுக்க அடித்து நொறுக்கும். காற்றாலைகளை இந்தப் பக்கம் வரிசையாக நட்டதே அதற்காகத்தான். அந்தக் காற்றில் தென்னந்தோப்பு திரையில் அழகாக இருக்கும், வசனம் மட்டும் ஒன்றும் கேட்காது. சோமனூர் பக்கம் போனால் தறிச் சத்தம். பீளமேட்டில் பக்கத்திலேயே ஏர்போர்ட். உருக்கமான டயலாக் நடுவில் விமானம் இறங்கும்.

காலர் மைக் ஒன்று, மைக்குக்கு மாட்டுகிற பஞ்சு உறை ஒன்று, முடிந்தால் சவுண்டை மட்டும் கவனிக்க ஹெட்போன் மாட்டிய ஒரு ஆள். இவை மூன்றும் இல்லாத படத்துக்கு எத்தனை மோஷன் போஸ்டர் விட்டாலும் இரண்டாவது நிமிடத்தில் ஆள் எழுந்து போய்விடுவார். படம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு புரியாவிட்டால் பொறுக்க மாட்டார்கள்.

மூன்றாவது காரணம் டெக்னிக்கல். வீடியோவிலிருந்து ஒரு ஃபிரேமைப் பிடுங்கி போஸ்டர் செய்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபுல் எச்.டி. ஃபிரேம் என்பது 1920 x 1080, அதாவது சுமார் 20 லட்சம் புள்ளிகள். ஏ3 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சடிக்க 3508 x 4961 வேண்டும், சுமார் 1 கோடியே 74 லட்சம். 4கே-யில் எடுத்தாலும் 83 லட்சம்தான் தேறும். மேலும் நம் ஃபிரேம் படுக்கை வசம், போஸ்டர் நிற்கிற வசம். இழுத்துப் பெரிதாக்கினால் கதாநாயகன் முகம் களிமண் மாதிரி ஆகிவிடும். அதைவிட ஷூட்டிங் அன்றே ஒருவரிடம் ஸ்டில் கேமராவைக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு காட்சியும் முடிந்ததும் இரண்டு நிமிடம், நிற்கிற வசத்தில் நாலு ஸ்டில். அவ்வளவுதான் செலவு. இன்னொன்று, ஸ்கிரீனில் ஜொலிக்கிற நீல நிறம் நான்கு கலர் அச்சில் அப்படியே வராது, மங்கும். இரவு, நீலம், பனி என்று டிசைன் பண்ணிவிட்டு பிரஸ்காரரிடம் சண்டை போடாதீர்கள். முதலில் ஒரே ஒரு தாள் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

யார் பெயர்?

இந்தப் பதிவு எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோ இருந்த காலம். ஜுபிடர் பிக்சர்ஸ் அங்கே படங்கள் எடுத்துக்கொண்டிருந்தது. 1947-ல் வந்த "ராஜகுமாரி" எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படம். டைரக்டர் ஏ.எஸ்.ஏ. சாமி. வசனத்தில் அவருக்கு உதவியாக இருந்தவர் மு. கருணாநிதி. அடுத்த வருடம், 1948-ல், "அபிமன்யு" வந்தது. அதற்கும் வசனம் எழுதியவர் கருணாநிதி. ஆனால் படத்தின் டைட்டிலில் அவர் பெயர் வரவில்லை. தமிழ் சினிமா வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் சம்பவம் இது. பிற்காலத்தில் அவர் முதலமைச்சரே ஆனார், வசனம் என்றாலே அவர் பெயர்தான் என்றும் ஆனது. ஆனால் விட்டுப்போன அந்த ஒரு பெயரை எழுபத்தைந்து வருடம் கழித்தும் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அவருக்காவது பேசுவதற்கு ஆள் இருந்தது. நம் குறும்படத்தில் மூன்று ராத்திரி தூங்காமல் சவுண்டு சரி செய்த ஹாஸ்டல் பையனுக்கு யார் இருக்கிறார்கள்?

நம் போஸ்டர்களை உற்றுப் பாருங்கள். "எ ஃபிலிம் பை" என்று ஒரு பெயர் பெரிதாக. அதே பெயர் கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் என்று இன்னொரு முறை. பிறகு கேமரா, எடிட்டிங். அதோடு இடம் முடிந்துவிடுகிறது. ரிஃப்ளெக்டருக்கு பதில் தெர்மாகோல் பிடித்தவர், உடை கொண்டுவந்த பெண், கூட்டத்தை விலக்கியவர், சப்டைட்டில் போட்டவர் எல்லோரும் "நன்றி: நண்பர்கள்" என்ற ஒரே வரிக்குள் அடங்கிவிடுகிறார்கள். பெண்கள் செய்த வேலைக்கு இது அதிகமாக நடக்கிறது. கதையை உட்கார்ந்து எழுதிக்கொடுத்தவளுக்கு "ஸ்கிரிப்ட் உதவி" என்று போட்ட போஸ்டரை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குழுவில் இன்று இரண்டு பேருக்கு இரண்டு பேர் பேச்சுவார்த்தை இல்லை. படம் யூடியூபில் அப்படியே இருக்கிறது.

நம் படத்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது. பெயர்தான் சம்பளம். நாளைக்கு வேலை தேடிப் போகிற இடத்தில் "நான்தான் எடிட் பண்ணினேன்" என்று காட்டுவதற்கு அந்த டைட்டில் கார்டைத் தவிர வேறு சர்டிபிகேட் இல்லை. சம்பளத்தைப் பிடித்துக்கொண்டால் அதற்கு என்ன பெயரோ, பெயரைப் பிடித்துக்கொண்டாலும் அதே பெயர்தான்.

"போஸ்டரில் இடம் எங்கே இருக்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். போஸ்டரில் இருபது பெயர் போட்டால் செல்போனில் எறும்பு வரிசை மாதிரி தெரியும். போஸ்டருக்கு இடம் குறைவு, படத்துக்குக் குறைவில்லை. முதல் நாள் ஷூட்டிங்குக்கு முன்பே ஒரு ஏ4 தாளில் யார் யார் என்ன வேலை, டைட்டிலில் என்ன பெயரில் வரும், போஸ்டரில் வரப்போகிற ஆறு பெயர் எவை என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நடுவில் சண்டை போட்டுக்கொண்டு போனவர் பெயரும், அவர் செய்த வேலை படத்தில் இருக்கிறவரை, இருக்க வேண்டும். கோபம் வேறு, கணக்கு வேறு.

காலேஜுக்கு வெளியே இருக்கிறவர்களையும் மறக்க வேண்டாம். கடையில் கேமரா வைக்க இடம் கொடுத்த டீக்கடைக்காரர், அப்பாரு வேஷத்தில் இரண்டு காட்சி நடித்துக் கொடுத்த பக்கத்து வீட்டுப் பெரியவர், ஒரு மணி நேரம் தறியை நிறுத்தி வைத்தவர். தறி நின்றால் அவருக்குக் கூலி போகிறது, அதையும் சொல்லாமல் நிறுத்தியிருப்பார். இவர்கள் காசு கேட்க மாட்டார்கள். "எம்பட பேரு வருங்களா தம்பி?" என்று மட்டும் ஒரு தடவை கேட்பார்கள். "கண்டிப்பா வருங்க" என்று தலையாட்டிவிட்டு வருகிறோம். அந்தத் தலையாட்டலுக்கும் மரியாதை உண்டு.

கடன் வாங்கிய இசை

விளம்பரத்தோடு சேர்ந்தே வருகிற இன்னொரு வியாதி. டீசருக்கு ஹாலிவுட் படத்தின் பின்னணி இசை, படத்துக்கு ராஜா சார் பி.ஜி.எம். யூடியூபில் 2007 முதலே கன்டென்ட் ஐ.டி. என்ற ஏற்பாடு இருக்கிறது. ஏற்றிய வீடியோவில் யாருடைய இசை என்று மெஷினே கண்டுபிடித்துவிடும். பிறகு இசையின் உரிமைக்காரர் வைத்ததுதான் சட்டம். விளம்பர வருமானம் அவருக்குப் போகலாம், சில நேரம் வீடியோவே தடைபடலாம். போட்டிக்கு அனுப்புகிற படமென்றால் இன்னும் சிக்கல்.

சட்டம் கிடக்கட்டும். பத்து நிமிடப் படத்தில் எட்டு நிமிடம் இன்னொருவர் இசை அழவைத்தால், அழவைத்தது நீங்கள் இல்லையே! நம் பக்கம் ஜமாப் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், வள்ளி கும்மிக்குப் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஹாஸ்டலில் கீபோர்டு வாசிக்கிறவன் இருக்கிறான். கேட்டு, ஒத்துக்கொண்டால் பதிவு செய்து, பெயர் போட்டு, முடிந்த தொகையைக் கொடுத்துப் பயன்படுத்துங்கள். அந்தச் சத்தம் வேறு எந்த ஊர் படத்திலும் கிடைக்காது.

எங்கே வைப்பது?

காலேஜ் வாசலில், சிக்னலில், மேம்பாலத்துக்குக் கீழே ஃப்ளெக்ஸ் வைக்கிற ஆசை இன்னும் போகவில்லை. 2017 நவம்பரில் அவிநாசி ரோட்டில் விழாவுக்கு வைத்த அலங்கார வளைவுக்குப் பக்கத்தில் ஓர் இளைஞர் இறந்தார். சாவுக்கு யார் காரணம் என்று ரோட்டிலேயே பெயின்ட்டில் எழுதிக் கேட்டார்கள். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவில் கட்டிய பேனர் ஸ்கூட்டரில் போன பெண் மேல் விழுந்து, பின்னால் வந்த லாரியில் அடிபட்டு அவர் இறந்தார். இரண்டு பேருமே நம்மைவிடச் சில வயதுதான் பெரியவர்கள். இதற்குப் பிறகும் பத்து நிமிடப் படத்துக்கு பத்தடி ஃப்ளெக்ஸ் வைக்கிறவர்களிடம் பேச எனக்கு வார்த்தை இல்லை. டிபார்ட்மெண்ட் நோட்டீஸ் போர்டு, கேன்டீன் சுவர் (கேட்டுவிட்டு), வாட்ஸ்அப். இது போதும். நம் படத்துக்கு வருகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

"விளம்பரம் இல்லாமல் யார் கவனிப்பார்கள்?"

எதிர்க்கட்சி வாதம் இது. எடுத்துக்காட்டாகச் சொல்வது "நாளைய இயக்குநர்". கலைஞர் டி.வி.யில் 2009-ல் ஆரம்பித்த நிகழ்ச்சி. நலன் குமரசாமி, கார்த்திக் சுப்பராஜ் எல்லாம் அங்கிருந்து வந்தவர்கள். கார்த்திக் சுப்பராஜின் "பீட்சா" 2012-ல் வந்தது, நலனின் "சூது கவ்வும்" 2013-ல். பாலாஜி மோகன் தன் குறும்படத்தையே 2012-ல் "காதலில் சொதப்புவது எப்படி" என்று முழுப்படமாக எடுத்தார். நம் பக்கமே வாருங்கள். கிணத்துக்கடவுக்காரர் லோகேஷ் கனகராஜ் பேங்க் வேலையில் இருந்துகொண்டே குறும்படம் எடுத்தவர். அவர் எடுத்த ஒரு குறும்படம் 2016-ல் "அவியல்" தொகுப்பில் சேர்ந்தது. 2017-ல் "மாநகரம்".

இவர்கள் குறும்படங்களின் போஸ்டர் ஒன்றாவது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இல்லை. அந்த நிகழ்ச்சியில் ஜட்ஜ் சீட்டில் இருந்தவர்கள் பார்த்தது படத்தை. கவனிக்க வைத்தது அதுதான். ஆள் கூட்டுவதோடு போஸ்டரின் வேலை முடிந்துவிடுகிறது. வந்தவரைப் பத்து நிமிடம் உட்கார வைக்க அதனால் முடியாது.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. நம்மில் நூற்றுக்கு தொண்ணூற்றொன்பது பேர் டைரக்டர் ஆகப் போவதில்லை. ஐ.டி. கம்பெனி, பனியன் கம்பெனி, மோட்டார் பம்ப் கம்பெனி, பேங்க் என்று போய்விடுவோம். அப்போது நமக்கு மிஞ்சப்போவது ஒரு படமும் அதில் வேலை செய்த ஏழெட்டு நண்பர்களும்தான். படம் சுமாராக இருந்தால் சிரித்துக்கொள்ளலாம். நண்பர்கள் பெயரை விட்டுவிட்டால் சிரிக்க முடியாது.

ஆகவே நான் சொல்வது இவ்வளவுதான்:

1. முதல் எடிட் வரை போஸ்டர் கிடையாது.
2. மைக்குக்கு ஒதுக்கிய பணத்தில் கை வைக்கக் கூடாது.
3. பெயர்ப் பட்டியலில் கையெழுத்தான பிறகுதான் முதல் ஷாட்.
4. போஸ்டரில் நாலு வரிக்கு மேல் வேண்டாம்: படத்தின் பெயர், ஒரு வரிக் கதை, எத்தனை நிமிடம், எங்கே எப்போது காட்டுகிறோம்.
5. முதல் காட்சியை டிபார்ட்மெண்ட் ஹாலில் போடுங்கள். இரண்டாவது காட்சியை இடம் கொடுத்தவர்கள் வீட்டு வாசலில், லேப்டாப்பிலாவது போட்டுக் காட்டுங்கள். அவர்கள் பெயர் வருகிற இடத்தில் ஐந்து விநாடி கூடுதலாக நிறுத்துங்கள்.

இதையெல்லாம் செய்துவிட்டுத் தாராளமாக "மீதியை வெண்திரையில் காண்க" என்று போடுங்கள். நான் முதல் வரிசையில் வந்து உட்காருகிறேன்.

பி.கு.: போஸ்டரை அச்சுக்கு அனுப்பும் முன் தமிழ் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். "ஒளிப்பதிவு" செய்தவருக்கு "ஒலிப்பதிவு" என்று போட்டுவிட்டால் கேமராமேனும் கோபித்துக்கொள்வார், சவுண்டு பார்த்தவரும் கோபித்துக்கொள்வார். ஒரு எழுத்தில் இரண்டு பேர் சம்பளம் போய்விடும் :-)